மாரியில் கரையேறிய அலுமினிய வள்ளம்: பெயின்ற் உரிக்க எந்த ரின் உதவும்?

வாடை தொடங்கி முல்லைத்தீவுக் கடல் குழம்பும் கார்த்திகை, மார்கழியில்தான் வள்ளங்கள் கரையேறுகின்றன. திருத்த வேலைக்கு ஆளும் நேரமும் கிடைப்பது அப்போதுதான்; பெயின்ற் வேலைக்கு வருடத்திலேயே ஆகாத காலமும் அதுதான். வன்னியில் ஊரெல்லாம் பைபர் வள்ளம். களப்புக்கோ குளத்துக்கோ என்று பழைய அலுமினிய வள்ளம் ஒன்று கைமாறி வந்தால், பைபரில் பழகிய கை அதிலும் அதே வேலையைத்தான் செய்யப் பார்க்கும். அங்கேதான் பிழை நடக்கிறது.

பெயின்ற் உரிக்கவென்று ஹாட்வெயார் கடையில் வாங்கக்கூடியவை நான்கு: பூசிப் பெயின்றை இளக்கும் வேகமான ஜெல், மெதுவான ஜெல், கிறைண்டரில் பூட்டும் நைலோன் உரி வட்டு, கொஸ்டிக் சோடா. ஐந்தாவது வழி, காற்றழுத்தத்தால் மணலை அடித்துப் பெயின்றை உரிக்கும் மணல் வீச்சுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். றிவெற் அடித்த மெல்லிய தகட்டுக்கு, மாரியில் மெதுவான ஜெல்தான். அது விட்டுவைத்ததற்கு உரி வட்டு. கொஸ்டிக் சோடாவை வள்ளம் கிடக்கும் வளவுக்குள்ளேயே எடுக்கக் கூடாது.

ரின்னின் முன்பக்கத்தில் ‘அதிவேகம்’ என்றும் இருக்கும், ‘சூழலுக்கு உகந்தது’ என்றும் இருக்கும். பார்க்கவேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள இரசாயன இலக்கம். 75-09-2 என்றால் டைகுளோரோமீத்தேன். மெத்திலீன் குளோரைட் என்றும் எழுதுவார்கள். வேகமான ஜெல் இதுதான். 100-51-6 என்றால் பென்சைல் அல்ககோல், மெதுவானது. 872-50-4 என்றால் என்.எம்.பி. என்ற இன்னொரு கரைப்பான்; கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது, வீட்டு வளவில் வைத்துச் செய்யும் வேலைக்கு வேண்டாம். 1310-73-2 கண்ணில் பட்டால் அது கொஸ்டிக் சோடா, ரின்னை இருந்த தட்டிலேயே வைத்துவிடுங்கள். இலக்கமே போடாத ரின்னையும் அப்படியே.

வாங்க முதல் வள்ளத்தில் என்ன பெயின்ற் இருக்கிறது என்று அறிய வேண்டும். தின்னரில் நனைத்த சீலைத் துண்டை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெயின்ற் இளகிச் சீலையில் ஒட்டினால் சாதாரண எனாமல். அசையாமல் இருந்தால் இரண்டு ரின் கலந்து அடித்த எப்பொக்சி அல்லது பொலியூரித்தேன். உரிக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அடியில் மஞ்சட்பச்சையாக ஒரு பிறைமர் (அடிப்பூச்சு) தெரிந்தால் அது சிங்க் குரோமேற்றாக இருக்கலாம். அதன் தூள் புற்றுநோய் தரக்கூடியது. உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது. இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்கு எல்லை வைத்தது 2013 முதல்தான். ஆகவே பழைய பூச்சு எதையும் ஈயம் உள்ளதாகவே எண்ணி நடப்பது நல்லது.

வேகமான ஜெல் வேகமானது என்பதில் பொய்யில்லை. பூசிப் பதினைந்து நிமிடத்தில் எனாமல் சுருங்கி, ஆறிய பாலில் ஆடை திரண்டது போல எழும்பி நிற்கும். ஆனால் இந்தத் திரவம் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதை ஆவியாகவிடாமல் பிடித்து வைப்பது ஜெல்லில் கலந்திருக்கும் மெழுகு. மேலே தோல் போலப் படிந்து மூடிக்கொள்ளும். பிறஸ்ஸை ஒரே திசையில் ஒருமுறை இழுத்துவிட்டு விடவேண்டும். பெயின்ற் அடிப்பது போல முன்னும் பின்னும் இழுத்தால் அந்தத் தோல் கிழிந்து, வேலை தொடங்க முன்னமே ஜெல் காய்ந்துவிடும். ‘ஜெல் சரியில்லை’ என்று சொல்லப்படுவதில் பாதி இந்தப் பிறஸ் பிழைதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு பாரமானது. நிமிர்த்தி வைத்த வள்ளத்தின் உட்பக்கத்தில் பூசினால், தொட்டியில் தண்ணீர் தேங்குவது போல ஆவி உள்ளே தேங்கும். குனிந்து சுரண்டுபவரின் மூக்கு அதற்குள் இருக்கும். உடம்புக்குள் போனதும் இது காபன் மொனொக்சைட்டாக மாறுகிறது. மூடிய இடங்களில் இதைப் பாவித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019 இல் சில்லறையில் விற்பதையே நிறுத்தினார்கள். தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. நீல நிற மெல்லிய கையுறை ஓரிரு நிமிடத்துக்குமேல் தாங்காது. மாரி என்பதால் வள்ளத்தை மூடிய கொட்டிலுக்குள் இழுத்து, மழைச்சாரலுக்குத் தறப்பாளும் கட்டிவிட்டு வேலை செய்வது வழக்கம். இந்த ஜெல்லுக்கு அதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு, அதுவும் வெட்டவெளியில், கவிழ்த்த வள்ளத்தின் வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

மெதுவான ஜெல்லுக்கு வருவோம். முதலில் அளவு. 14 அடி வள்ளத்தின் வெளிப்பக்கம் ஏறத்தாழ 8 சதுர மீற்றர். ஒரு லீற்றருக்கு 4 சதுர மீற்றர் என்று ரின்னில் போட்டிருந்தால், கணக்குப்படி அது கால் மில்லிமீற்றர் தடிப்புத்தான். அந்தத் தடிப்பில் ஓர் இரவு ஈரமாக நிற்காது. அரை மில்லிமீற்றராவது வேண்டும். அப்படியென்றால் லீற்றருக்கு 2 சதுர மீற்றர், முதல் பூச்சுக்கு 4 லீற்றர். விட்ட இடங்களுக்கு இன்னும் ஒன்றரை, இரண்டு லீற்றர். ஆக 6 லீற்றர். நாலு லீற்றரோடு தொடங்கி நடுவில் கடைக்கு ஓடினால் அதற்கிடையில் பூசியது காய்ந்துவிடும்.

வள்ளத்தை இரண்டு மரக்குதிரையில் கவிழ்த்து வைத்து, பக்கங்கள் திறந்தபடி மேலே தறப்பாள் கட்டுங்கள். உப்பும் பாசியும் போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, 60ஆம் இலக்க சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துப் பூச்சின் மினுக்கத்தை மட்டும் கீறுங்கள். ஜெல் உள்ளே இறங்க வழி வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பொருத்துகளுக்கு மேலே ரேப் ஒட்டிவிட வேண்டும். அந்த ஒரு அங்குலத்தைக் கடைசியில் கையால் உரிக்கலாம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

பின்னேரம் நான்கு மணிக்குப் பூசி, மெல்லிய பொலித்தீனை மேலே விரித்து, காற்றுக்குமிழ் இல்லாமல் உள்ளங்கையால் தடவி, விளிம்புகளை ரேப்பால் ஒட்டி, காலை எட்டு மணிவரை விடுங்கள். சித்திரை வெயிலில் ஆறு மணித்தியாலத்தில் முடியும் வேலை, இராத்திரி 21, 22 பாகைக்கு இறங்கும் தை மாதத்தில் பதினாறு மணித்தியாலம் எடுக்கும். முழு வள்ளத்துக்கும் பூச முதல் உள்ளங்கை அகலத்தில் மூன்று இடங்களில் வைத்து நாலு, எட்டு, பதினாறு மணித்தியாலங்களில் சுரண்டிப் பார்த்தால் அந்த வள்ளத்துக்குரிய நேரம் தெரிந்துவிடும். இந்த ஜெல்லில் நடக்கும் பெரிய பிழை இரண்டுதான். பொறுமை கெட்டு நேரத்தோடு சுரண்டினால் மேல்பூச்சு மட்டும் வழிந்து வரும், பிறைமர் அப்படியே நிற்கும். பொலித்தீன் விளிம்பு திறந்து காய்ந்துபோனாலோ பழைய பெயின்றைவிடக் கெட்டியாக ஒட்டும்; அப்போது சுரண்டாமல், மேலே புது ஜெல் பூசி மறுபடி மூட வேண்டும். விளிம்பால் மழைத்தண்ணீர் உள்ளே போனாலும் அந்த இடம் வேலை செய்யாது.

சுரண்ட இரும்புத் தகடு வேண்டாம், அலுமினியம் இலேசில் கீறுப்படும். பிளாஸ்ரிக் சுரண்டி நல்லது. அதைவிட, பனஞ்சிலாகையின் நுனியை உளியால் சரிவாகச் சீவினால் கூர் மழுங்க மழுங்கச் சீவிக்கொள்ளலாம், செலவும் இல்லை. றிவெற் தலைகளைச் சுற்றி நைலோன் பிறஸ். வழித்த சேற்றை மண்ணில் விடாதீர்கள். கரையோர மணலில் மாரிக்குக் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். இன்று மணலில் ஊறுவது நாளை வாளியில் வரும். கீழே பழைய படங்கு விரித்து, மரத்தூள் கொட்டி, சேற்றோடு அள்ளி வெறும் ரின்னில் போட்டு மூடுங்கள்.

மெதுவான ஜெல்லுக்கு விலை கூடுதல். இரண்டு ரின் எப்பொக்சி ஒரே இரவில் முழுக்க வராது. கண்ணில் பட்டால் இதுவும் எரிக்கும். இருந்தும் ஐந்துக்கு நாலு.

உரி வட்டு என்பது கறுப்பாகவோ ஊதாவாகவோ, கடற்பஞ்சு போலத் துளைதுளையாக இருக்கும் 115 மில்லிமீற்றர் வட்டு. அலுமினியம் இதில் அடைக்காது என்பதுதான் இதன் பெருமை. சின்னக் கிறைண்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். வட்டில் அச்சிட்ட உச்ச எண் அதற்குக் குறைவாக இருந்தால் பூட்டக் கூடாது, பிய்ந்து பறக்கும். அழுத்தாமல், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். மேலே சொன்ன மஞ்சட்பச்சைப் பிறைமர் நிற்கும் இடத்தில் ஓட்டக் கூடாது, அதன் தூள் பறக்கும். றிவெற் தலையில் ஓட்டினால் தலை தேய்ந்து அந்த இடமே ஒழுகத் தொடங்கும். மடிப்பு மடிப்பாகச் சாண்ட் பேப்பர் அடுக்கிய வட்டு கடைக்காரரின் கைக்கு முதலில் வரும். அது உலோகத்தையே தின்னும். தகடு 1.6 மில்லிமீற்றர் என்றால், 0.1 மில்லிமீற்றர் போனாலே பதினாறில் ஒரு பங்கு போயிற்று. இரும்புக் கம்பிக் கப் பிறஸ் அதைவிடக் கேடு: பொடி இரும்புத் துணுக்குகள் தகட்டில் குத்தி நிற்க, உப்புக்காற்றுப் பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு குழியாகும். இரும்பில் ஓட்டிய எந்த வட்டையும் அலுமினியத்தில் வைக்கக் கூடாது.

மணல் வீச்சு, நாலைந்து மில்லிமீற்றர் தடிப்பில் வெல்டிங் செய்த வள்ளத்துக்குச் சரி. கார்னெற் மணல், குறைந்த அழுத்தம். மெல்லிய றிவெற் தகடு அடிபட்டு அலை அலையாக நெளிந்துவிடும். சாதாரண ஆற்று மணலைப் பாவித்தால் சிலிக்கா தூசி நுரையீரலுக்குப் போகும். சூடான காற்று ஊதும் ஹீட் கன்னும் வேண்டாம்: அலுமினியம் சூட்டை உடனே பரப்பிவிடும், பெயின்ற் இளக முதல் பொருத்துக்குள் இருக்கும் சீலண்ட் எரியும்.

கொஸ்டிக் சோடா மலிவு, இரும்புக் கேற்றில் அருமையாக வேலை செய்யும். அந்தப் பெயரை வைத்துத்தான் அலுமினியத்துக்கும் வருகிறது. இது பெயின்றோடு நிற்காமல் தகட்டையும் கரைக்கும். அப்போது பொங்கும் குமிழெல்லாம் ஐதரசன், தீப்பொறி பட்டால் வெடிக்கும். பொருத்துக்குள் புகுந்தது வெளியே வராமல் உள்ளிருந்தே அரிக்கும். மதிப்பெண் கிடையாது.

எந்த ஜெல்லும் கடைசியில் தோற்பது பொருத்துகளில்தான். தகட்டு இடுக்கில் ஒளிந்த ஜெல், புதுப் பெயின்ற் அடித்துச் சில கிழமைகளில் வெளியே கசிந்து, றிவெற் வரிசை நெடுகக் கொப்புளம் எழுப்பும். ஆட்கள் பிறைமரைக் குறை சொல்வார்கள். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரால் மூன்று முறை, பொருத்துக்குள் நேராகப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். களப்புத் தண்ணீர் கூடாது, உப்பு. இரண்டு நாள் வெயில் கண்டபின் வெள்ளை ரிசுவால் பொருத்தைத் தடவுங்கள். நிறமோ பசையோ ஒட்டினால் இன்னொரு கழுவல்.

பெயின்ற் போனபின் குழிகளில் வெள்ளைப் பொடி தெரியும். வினாகிரியும் நைலோன் பிறஸ்ஸும் போதும், பிறகு நன்றாக அலசுங்கள். எஞ்சின் பூட்டும் பலகையையும் கழற்றிப் பாருங்கள். செம்பு மருந்து ஏற்றிய ஒட்டுப்பலகை என்றால், அது தொட்ட இடம் முழுக்க அரித்திருக்கும். வள்ளத்தை நிமிர்த்தி, மரக்கட்டைகளை வரிசையாகத் தாங்கு கொடுத்து, ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் ஒழுகும் றிவெற் தன்னைக் காட்டும். அடையாளமிட பென்சில் வேண்டாம், கரிக்கோடு கிடந்த இடத்தில் அலுமினியம் அரிக்கும். சோக் கட்டி போதும்.

பிறைமர் ரின்னில் 10 பாகைக்குக் கீழே அடிக்காதே என்று இருக்கும். அது குளிர்நாட்டுக் கவலை. இங்கே பிரச்சினை ஈரப்பதன்: 85 சதவீதத்துக்கு மேலே போனாலும், தகட்டின் சூடு பனிபடியும் வெப்பநிலையைவிட 3 பாகையாவது கூட இல்லாவிட்டாலும் எப்பொக்சி பிறைமர் பிடிக்காது. கருவி இல்லாதவர்கள் ஈரச் சீலையால் தகட்டில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். பதினைந்து நிமிடத்தில் அது காயாவிட்டால் அன்று பெயின்ற் வேலை இல்லை. மழை விட்ட நாளில் காலை பத்திலிருந்து பின்னேரம் இரண்டுவரைதான் நேரம். நைலோன் தேய்ப்புப் பஞ்சால் தேய்த்துக் கழுவி, தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் ஒரே விரிப்பாக ஓடுகிறதா என்று பார்த்து, காய்ந்ததும் நாலு மணித்தியாலத்துக்குள் பிறைமர் ஏறிவிட வேண்டும். பிந்தினால் ஒட்சைட்டுப் படலம் தடித்துவிடும், மறுபடி தேய்க்க வேண்டியதுதான். மறுநாள் பிறைமரில் எண்ணெய்ப்பசை போல ஏதும் தட்டுப்பட்டால் ஈரப்பதனால் வந்தது. தண்ணீரும் தேய்ப்புப் பஞ்சும் கொண்டு எடுத்தபின்தான் அடுத்த பூச்சு.

களப்பில் தொடர்ந்து மிதக்கப் போகும் வள்ளத்துக்குப் பாசி பிடிக்காத பெயின்ற் வாங்கும்போதும் ரின்னைத் திருப்பி இலக்கத்தைப் பாருங்கள். 1317-39-1 என்றால் செம்பு ஒட்சைட். உப்புத் தண்ணீரில் செம்பு பட்ட அலுமினியம் துளை விழும். அந்த ரின் பைபர் வள்ளக்காரருக்கு.