மலையகப் பங்குப் பணிமனை ஒன்றின் ஞானஸ்நானப் பதிவுத் தேடல்: ஒரு மதிப்பீடு

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் பல தேயிலைத் தோட்டங்களைத் தன்னகத்தே கொண்ட பழைய கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் பணிமனை, கேட்போருக்கு ஞானஸ்நானப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடித் தருகிறது. 1920களில் பிறந்த என் தாய்வழிப் பாட்டனாரின் பெற்றோரை அறிவதற்காக நான் அங்கு விண்ணப்பித்தேன். தேடிய விதம் பாராட்டுக்குரியது. கையில் கிடைத்த அத்தாட்சிப் பத்திரம்தான் குறையுடையது.

பதிவேட்டின் அட்டவணை, ஞானஸ்நானம் பெற்றவரின் பெயரை வைத்தே அமைக்கப்பட்டுள்ளது. இலத்தீனில் எழுதிய காலத்துப் பக்கங்களில் நம் சூசை 'யோசேப்புஸ்' என்றும் சவரிமுத்து 'சவேரியுஸ்' என்றும் நிற்பதாலும், ஒரே பெயருடைய பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் வருவதாலும், தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் இல்லாமல் தேடுவது வீண் வேலை. தோட்டத்துக்குக் கம்பனி வைத்த பெயரோடு நம்மவர்கள் வழங்கும் பெயரையும் எழுதிக் கொடுப்பது நல்லது. இவற்றையெல்லாம் நன்கு அறிந்த முதிய உபதேசியார் (மறைக்கல்வி போதிப்பவர்) ஒருவர் அங்கு இருக்கிறார். "எந்தத் தோட்டம் தம்பி, எந்த டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு)?" என்பதே அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

ஈரத்தில் மை ஊறிப் பரவியிருந்த அந்தப் பதிவில், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர், குருவானவரின் ஒப்பம் ஆகிய அனைத்தும் இருந்தன. ஆயினும் மிகவும் பயன்பட்டது, பக்க ஓரத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில் பிற்பாடு சேர்க்கப்பட்டிருந்த இரண்டு வரிகளே. ஒருவருடைய திருமணத்தை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கிற்கு அறிவித்து, அங்குள்ள பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது 1908 முதல் திருச்சபைச் சட்டம். அந்தக் குறிப்பின் வழியாகவே, பாட்டனாரின் திருமணம் பதுளைப் பக்கத்துக் கோவில் ஒன்றில் நடந்தது என்பதும், பாட்டியின் தகப்பனார் பெயரும் தெரியவந்தன. அத்தாட்சிப் பத்திரத்திலோ ஓரக் குறிப்புக்கான இடம் வெறுமையாகவே விடப்பட்டிருந்தது. பதிவேட்டை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திராவிட்டால் தேடல் அத்துடன் நின்றிருக்கும். எனவே விண்ணப்பிப்போர், ஓரக் குறிப்புகள் உட்பட முழுப் பதிவின் பிரதி வேண்டும் என்று எழுத்திலேயே கேட்பது அவசியம்.

தமிழகத்தில் முன்னோர் புறப்பட்ட ஊரை அறிய விரும்புவோர் இந்தப் பதிவேட்டை அதிகம் நம்ப வேண்டாம். நான் பார்த்த பக்கங்களில் தோட்டத்தின் பெயர் இருந்ததே தவிர, திருச்சி, சேலம் என்று எதுவும் இல்லை. மலையகத் தமிழரில் பெரும்பான்மையினர் சைவர்களாதலால் அவர்களுக்கு இவ்வழியே இல்லை. பிறப்புப் பதிவுகளைப் பதிவாளர் அலுவலகங்களில்தான் தேட வேண்டும்.

மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்துகொண்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் சென்ற குடும்பங்களின் பிள்ளைகளும், உறவைக் காட்டும் ஆவணத்தின் பிரதியோடு தபாலில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் என்று எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. விரும்பியதைக் காணிக்கையாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் வெளிநாட்டிலிருந்து எழுதுவோருக்கு எளிதாக இருக்கும்.