வீடா, கல்யாணமா: இரண்டு பழைய ஹாலிவுட் காமெடிகள்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பதில் முதல் பாதிக்கு ஹாலிவுட் 1948இல் ஒரு படம் எடுத்தது: 'மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்'. இரண்டாம் பாதிக்கு 1950இல் 'ஃபாதர் ஆஃப் தி பிரைட்'. இரண்டுமே ஒன்றரை மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படங்கள். இரண்டிலும் அடி வாங்குவது அப்பாவின் பர்ஸ்.

பிளாண்டிங்ஸாக வரும் கேரி கிராண்டுக்கு நியூயார்க் விளம்பரக் கம்பெனியில் வேலை. மனைவி மிர்னா லாய், இரண்டு பெண்கள், நெருக்கியடிக்கும் அடுக்ககம். கனெக்டிகட்டில் ஒரு பழைய வீட்டை ஆசைப்பட்டு வாங்குகிறார். வந்து பார்க்கிற இன்ஜினியர்கள் எல்லாரும் இடிக்கச் சொல்கிறார்கள். இடித்த பிறகுதான் வக்கீல் நண்பர் குண்டைத் தூக்கிப் போடுகிறார்: அடமானக்காரரைக் கேட்காமல் இடித்ததால் முழுக் கடனையும் இப்போதே கேட்கலாம். அப்புறம் கிணறு. ஒரு பக்கம் எவ்வளவு துளைத்தாலும் தண்ணீர் இல்லை. அஸ்திவாரக் குழியிலோ சில அடியிலேயே ஊற்று. மிர்னா லாய் ஒவ்வொரு அறைக்கும் எந்தச் சாயலில் பெயின்ட் வேண்டும் என்று பெயின்டருக்கு உருகி உருகி விளக்கும் காட்சிதான் உச்சம். அவர் போனதும் பெயின்டரிடம் அவருடைய ஆள் சொல்வது: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை. அவ்வளவுதான்.

குறையும் உண்டு. நண்பர்மீது கணவருக்கு வரும் சந்தேகம் வெறும் இழுவை. வேலையைக் காப்பாற்றும் விளம்பர வாசகம் சமையல்கார கஸ்ஸியின் வாயிலிருந்து வருகிறது; அவருக்குக் கிடைப்பது பத்து டாலர் சம்பள உயர்வு. அந்த இடம் இன்று நெருடுகிறது.

ஃபாதர் ஆஃப் தி பிரைடை இயக்கியவர் வின்சென்ட் மினெல்லி. எலிசபெத் டெய்லருக்கு நிஜத்தில் கல்யாணம் நடந்த 1950 மே மாதத்தை ஒட்டியே மணப்பெண்ணாக அவர் நடித்த படமும் வந்தது. விளம்பரத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் படத்தைத் தாங்குவது அப்பாவாக வரும் ஸ்பென்சர் டிரேசி. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது நியாயம்தான். விருந்தாளிப் பட்டியல் நீள்வது, பழைய கோட் உடம்புக்குள் நுழையாதது எல்லாம் லேசான சிரிப்பு. சர்ச்சில் தரை காலை உள்ளே இழுக்கும் கெட்ட கனவு மட்டும் வேறு தரம். மற்ற இடங்களில் அப்பாவின் புலம்பல் ஒரே சுருதி.

நடிப்புக்கு டிரேசி. சிரிக்க வேண்டுமென்றால் பிளாண்டிங்ஸ்: அங்கே ஒரு செலவு அடுத்த செலவைப் பெற்றுப் போடுகிறது. நான் அதைத்தான் முதலில் போடுவேன். ஃபாதர் ஆஃப் தி பிரைடின், ஸ்டீவ் மார்ட்டின் நடித்த 1991 ரீமேக்கை டிரேசிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.