பிளஸ் ஒன்: பயாலஜியா, கம்ப்யூட்டர் சயின்ஸா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் சேலத்து வீடுகளில் இதே பேச்சுதான். கணிதம், இயற்பியல், வேதியியல் இரண்டிலும் உண்டு. நான்காவது பாடம்தான் வேறு.

வாய்ப்பு:
பயாலஜி – நீட் எழுதலாம், பொறியியலும் போகலாம்.
கம்ப்யூட்டர் – பொறியியல், பிசிஏ.

பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நான்காவது பாடம் அதில் சேராது. அதனால் ஐ.டி. வேலைக்குக் கம்ப்யூட்டர் குரூப் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உழைப்பு:
பயாலஜி – மனப்பாடமும் படமும் நிறைய. வெங்காயத் தோலை உரித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, தெரியும் செல்களை ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும்.
கம்ப்யூட்டர் – சுமை குறைவு. சி++, பைத்தான் பழகலாம்.

ஏற்காடு ஆர்க்கிட் தோட்டத்தில் குடுவைத் தாவரத்தை விட்டு நகராத பிள்ளைக்குப் பயாலஜி கொடுங்கள். ரத்தம், மனப்பாடம் இரண்டும் ஆகாதா? கம்ப்யூட்டரே சரி. இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால், அப்புறம் யோசிக்க வழிவிடும் பயாலஜிதான் என் தேர்வு.