டாமியா 1/35 மட்டில்டா, பெட்டி எண் 35300: வாங்கும் முன்பும் ஒட்டும் முன்பும்

இரண்டாம் உலகப் போரின் முதல் ஆண்டுகளில் பிரிட்டன் களமிறக்கிய டாங்குகளில் ஒன்றைச் செய்து பார்க்க நினைப்பவர் முதலில் எடுக்க வேண்டியது ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் மட்டில்டாவைத்தான். 1/35 என்றால் உண்மை வண்டியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. இதைவிட நுணுக்கமான பெட்டிகள் வந்துவிட்டன. ஆனால் ஒரு பாகம் அடுத்த பாகத்தில் போய் உட்காரும் நேர்த்தியில் இதை விஞ்சுவது கடினம். மெருகேற்றுவதும் புட்டி அடைப்பதும் குறைவு என்பதால், உழைப்பை எல்லாம் டிராக்குக்கும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) நிறத்துக்கும் மிச்சம் பிடிக்கலாம். இந்த டாங்கில் மாடல் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான்.

வாங்கும்போது பெட்டி எண்ணைப் பாருங்கள். டாமியாவுக்கு மட்டில்டா இரண்டு உண்டு. 35024 என்ற எண்ணில் இருப்பது 1970களின் அச்சு. பழைய பெட்டிகள் கைமாறும் இடங்களில் இன்னும் தென்படுகிறது. 35300 முற்றிலும் புதிதாகச் செய்யப்பட்ட அச்சு. பெயர் ஒன்றே என்பதால் விலை மலிவு என்று பழையதை எடுத்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு. பழைய பொருள் என்ற ஆசை இருந்தாலன்றி அதைத் தொட வேண்டாம்.

பெட்டியின் மேல் மட்டில்டா மார்க் 3/4 என்று இருக்கும். பிரிட்டிஷார் இதே டாங்குக்கு இன்னொரு எண் வரிசையும் வைத்திருந்தார்கள். அதில் இது இன்ஃபன்ட்ரி டாங்க் மார்க் 2. கோபுரத்தில் (பீரங்கி பொருத்திய சுழலும் மேற்பகுதி) விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி இருந்தது முதல் வகை. அதை எடுத்துவிட்டு பெசா இயந்திரத் துப்பாக்கி பொருத்தியபோது 2ஏ ஆனது. ஏஇசி டீசல் எஞ்சின்களுக்குப் பதில் லேலண்ட் டீசல் வந்ததும் 2ஏ என்பதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி சேர்ந்தது. அந்த நட்சத்திரம்தான் மட்டில்டா மார்க் 3. இதைத் தெரிந்துகொண்டால் பெட்டியிலும் புத்தகங்களிலும் வரும் எண் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதில் நடைமுறை விஷயம் ஒன்று இருக்கிறது. 1940 மே 21 அன்று பிரான்சின் அராஸ் அருகே ஜெர்மானியரைத் திணறடித்த மட்டில்டாவை இந்தப் பெட்டியிலிருந்து அப்படியே செய்ய முடியாது. அன்று போனவற்றில் பெரும்பாலானவை ஏ11 என்ற சிறிய மட்டில்டா 1. அது வேறு டாங்க். கூடப் போன சில மட்டில்டா 2 வண்டிகளும் தொடக்க வகை. அவற்றில் விக்கர்ஸ் துப்பாக்கி இருந்தது. பதுங்குகுழி தாண்டுவதற்குப் பின்புறம் ஒரு வால் அமைப்பு இருந்தது. வண்டியின் உடல் தரையிலிருந்து கூடுதலாகத் தூக்கி நின்றது. டிராக்கின் மேல் ஓட்டத்தைத் தாங்க உருளைகள் இருந்தன. பிந்தைய வண்டிகளில் உருளைகளுக்குப் பதிலாகச் சறுக்குத் தகடுகள் வந்தன. பிரான்சு காட்சிதான் வேண்டும் என்றால் இந்தப் பெட்டியைத் தவிர்க்கவும். 1941 ஜூனில் ஹல்ஃபாயா கணவாயில் 88 மி.மீ. பீரங்கிகளுக்கு இரையான மட்டில்டாக்களின் காலம்தான் இந்தப் பெட்டிக்குப் பொருத்தமானது. மணல் தரையும் மூன்று நிறப் பூச்சும் அந்தக் காலத்தவை.

உண்மை வண்டியின் நீளம் சுமார் 5.6 மீட்டர், அகலம் 2.59 மீட்டர். அதனால் மாடல் ஏறக்குறைய 16 செ.மீ. நீளமும் 7.4 செ.மீ. அகலமும் வரும். கைக்கு அடக்கமான அளவு. ஒரு பக்கத்துக்கு இரட்டைச் சக்கர போகி (சக்கரங்களைத் தாங்கும் தொகுதி) ஐந்து, முன்னால் சற்றுப் பெரிய தனிச் சக்கரம் ஒன்று. இவற்றின் பெரும்பகுதி பக்கக் கவசத் தகடுக்குப் பின்னால் மறைந்துவிடும். சக்கரங்களின் கீழ்ப்பாதி மட்டும் தெரியும். ஆகவே சக்கர விளிம்பின் அச்சுக் கோட்டை (வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் மெல்லிய வரம்பு) கீழ்ப்பக்கம் மட்டும் சுரண்டினால் போதும். எல்லாச் சக்கரங்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்பதுதான் முக்கியம். ஒட்டிய கையோடு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, ஒரு போகி காற்றில் நின்றால் சிமென்ட் இறுகும் முன் அழுத்திச் சரிசெய்யுங்கள். மறுநாள் செய்ய முடியாது.

இனி டிராக். இந்தப் பெட்டியின் டிராக், நீளத் துண்டுகளும் தனிக் கண்ணிகளும் கலந்த வகை. நேராக ஓடும் இடங்களுக்கு நீளத் துண்டு, ஸ்பிராக்கெட்டையும் (டிராக்கை இழுக்கும் பல்சக்கரம்) ஐட்லரையும் (மறுமுனையில் டிராக்கைத் தாங்கிச் சுழலும் சக்கரம்) சுற்றும் இடங்களுக்கு ஒற்றைக் கண்ணிகள். வேகமாக ஆவியாகும் மெல்லிய சிமென்ட்டை இங்கே எடுக்காதீர்கள். அது உடனே பிடித்துக்கொண்டு, வளைக்கும்போது கண்ணி கண்ணியாக விட்டுப்போகும். சற்றுக் கெட்டியான, மெதுவாக இறுகும் சிமென்ட்டே சரி. ஒரு நேர்க்கோலை ஓரத்தில் வைத்து வளைவுக் கண்ணிகளை நேர் வரிசையாக ஒட்டுங்கள். இருபது முப்பது நிமிடங்களில் மூட்டுகள் ரப்பர் போல் வளைய ஆரம்பிக்கும். அப்போது ஸ்பிராக்கெட்டில் சுற்றி, பல் ஒவ்வொன்றும் துளையில் உட்காருவதைப் பார்த்து, மேலே பஞ்சுத் துண்டு வைத்து மாஸ்கிங் டேப்பால் கட்டிவிடுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். ஸ்பிராக்கெட்டை மட்டும் ஒட்டாமல் சுழல விட்டுவைத்தால், கடைசிக் கண்ணியைச் சேர்க்கும்போது அரை மி.மீ. முன்பின் நகர்த்த இடம் கிடைக்கும்.

கடைசியில் ஒரு கண்ணி இடிக்கிறது அல்லது இடைவெளி விழுகிறது என்றால் எண்ணிக்கையைக் குறை சொல்லும் முன் ஐட்லரைப் பாருங்கள். அதன் அச்சாணி முழுவதும் உள்ளே போகாமல் சாய்ந்திருக்கும், அல்லது அச்சாணிக் குழியில் ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய மிச்சம் ஒட்டியிருக்கும். கண்ணியின் திசையும் மாறிவிடக் கூடாது. ஒன்று திரும்பி உட்கார்ந்தாலும் வரிசை முழுக்கக் கோணலாகிவிடும்.

பக்கக் கவசத் தகட்டில் அவசரம் கூடாது. டிராக், உடலின் உள்சுவருக்கும் இந்த வெளித்தகட்டுக்கும் நடுவில் ஓடுகிறது. தகட்டை முன்பே ஒட்டிவிட்டால் தூரிகை போகாது, ஏர்பிரஷ் தூறலும் போகாது. மறுபக்கம், டிராக் இறுகிய பிறகு தகட்டை வைத்துப் பார்த்தால் கால் மி.மீ. வெளியே தள்ளிய கண்ணி ஒன்று அதை மூட விடாது. எனவே டிராக் டேப்பில் கட்டியிருக்கும் அதே இரவில் தகட்டையும் டேப்பால் பிடித்துப் பொருத்திப் பாருங்கள். உள்பக்கமும் சக்கரங்களும் டிராக்கும் அடர் பழுப்பு, அதன் மேல் புழுதி நிறம் என்று பூசி முடித்த பின்தான் தகட்டை நிரந்தரமாக ஒட்ட வேண்டும். ஒட்டும் விளிம்பில் படிந்த நிறத்தைச் சுரண்டிவிடுங்கள். நிறத்தின் மேல் போட்ட சிமென்ட் பிடிக்காது.

கோபுரத்தில் ஒரு நுட்பம். மட்டில்டாவின் கோபுரமும் உடலின் மூக்கும் வார்ப்பு எஃகு. மேற்பரப்பில் மணல் அச்சின் சொரசொரப்பு லேசாகத் தெரிய வேண்டும். மூட்டுக் கோட்டை மெருகேற்றினால் அந்த இடத்தில் ஒரு வழவழப்பான பட்டை விழும். பிரைமர் அடித்ததும் அது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். 600 எண் தாளால் கோட்டை எடுத்துவிட்டு, அந்தப் பட்டையில் மட்டும் மிஸ்டர் சர்ஃபேசர் 500-ஐத் தொட்டு, முடி குட்டையாக வெட்டிய தூரிகையால் செங்குத்தாகக் குத்துங்கள். அரைமணி காய விட்டு, 800 எண் தாளால் ஒரே ஒரு முறை தடவினால் முனைகள் மழுங்கி, பக்கத்துப் பரப்போடு கலந்துவிடும். வண்டி முழுக்க இதைப் பூசினால் சொரசொரப்பு மிகையாகிவிடும். மேல்தளத் தகடுகளில் அறவே வேண்டாம்.

பீரங்கி 2 பவுண்டர், 40 மி.மீ. விட்டம். 1/35-இல் துளை 1.1 மி.மீ. சொச்சம் வரும். முனையில் ஊசியால் நடுவில் ஒரு புள்ளி குத்தி, 0.5, 0.8, 1 மி.மீ. என்று கைத் துரப்பணத்தால் படிப்படியாகப் போங்கள். நேரடியாக 1 மி.மீ. வைத்தால் ஒரு பக்கம் சுவர் கிழிந்துவிடும். அச்சுக் கோட்டைக் கத்தி முனையைச் சாய்த்துச் சுரண்டுவது தாளால் தேய்ப்பதைவிடப் பாதுகாப்பு, குழாய் நீள்வட்டமாகாது. உள்ளே முழு அறை கிடையாது. கியூபோலா (கோபுரத்தின் மேலுள்ள தளபதியின் வாயில்) மூடியைத் திறந்து வைப்பதானால் ஒரு வீரர் உருவத்தை நிறுத்திவிடுங்கள்.

நிறத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1940-இல் எகிப்தில் தொடங்கி 1941 இறுதி வரை நடப்பில் இருந்த மூன்று நிறப் பூச்சு, பிரிகேடியர் கௌன்டரின் பெயரால் அறியப்படுகிறது. போர்ட்லாண்ட் ஸ்டோன் 64 அல்லது லைட் ஸ்டோன் 61 அடிநிறம். அதன் மேல் சில்வர் கிரே 28, ஸ்லேட் 34. நடுவில் உள்ள சில்வர் கிரேயை வெளிர் நீலமாகப் பூசுவது பல ஆண்டுகளாகத் தொடர்ந்த பிழை. அருங்காட்சியக டாங்குகளுக்கே அந்த நீலம் பூசப்பட்டிருந்ததால் பெட்டிப் படங்களிலும் அது பரவியது. உண்மையில் அது பச்சை சாய்ந்த வெளிர் சாம்பல். டாமியா எக்ஸ்எஃப்-21 ஸ்கையில் எக்ஸ்எஃப்-20 சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள், நல்ல தொடக்கமாக இருக்கும். ஸ்லேட்டுக்கு எக்ஸ்எஃப்-65 பக்கத்தில் வரும். மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் துண்டில் அருகருகே அடித்துக் காய்ந்த பிறகு முடிவு செய்யுங்கள். ஈரமாக இருக்கும்போது நிறம் ஏமாற்றும்.

கோடுகள் நேரானவை, ஓரம் கூர்மையானவை. பீரங்கி நேர்முன்னே நோக்கியிருக்கும்போது உடலின் கோடு கோபுரத்தில் தொடர வேண்டும். ஆகவே கோபுரத்தை வைத்து, அசையாமல் டேப்பால் பிடித்தபடிதான் மாஸ்க் செய்ய வேண்டும். தனித்தனியாகப் பூசினால் இரண்டும் சேராது. செய்முறைத் தாளின் நிறப்படத்தை 16 செ.மீ. நீளம் வரும்படி நகலெடுத்துப் பெரிதாக்கி, கோடு எந்தத் துளைக்கும் எந்த போல்ட்டுக்கும் மேல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டேப் சுருளின் ஓரத்தில் தூசு ஒட்டியிருக்கும். கண்ணாடியில் ஒட்டிப் புதுக் கத்தியால் புது ஓரம் வெட்டிய பிறகே பயன்படுத்துங்கள். வெளிர் நிறம் முதலில், ஸ்லேட் கடைசியில். ஒவ்வொரு முறையும் டேப்பின் ஓரத்தில் கீழேயுள்ள நிறத்தையே மெல்ல ஒரு தூறல் அடித்துவிட்டால் அடுத்த நிறம் அடியில் கசியாது. இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, ஒரு மணி நேரத்துக்குள் டேப்பைப் பின்பக்கமாக மடித்து உரித்தல். இதில் குறுக்குவழி இல்லை.

டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னத் தாள்) சற்றுத் தடிமன். பளபளப்பு வார்னிஷ் அடித்து, டெக்கல் மென்மையாக்கியை இரண்டு முறை தடவினால்தான் வார்ப்பின் சொரசொரப்பில் படியும். வேறு டெக்கல் வாங்கிப் பெயர் மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: 4-ஆவது ராயல் டாங்க் ரெஜிமென்ட் வண்டிகளின் பெயர் ஆங்கில டி எழுத்திலும், 7-ஆவது ரெஜிமென்ட்டின் பெயர் ஜி எழுத்திலும் தொடங்கும்.

இதை முடித்த பிறகு அடுத்தது என்ன? அதே சிரமமின்மை வேண்டும் என்றால் டாமியாவின் வாலன்டைன் மார்க் 2/4, எண் 35352. அதில் சக்கரங்கள் முழுக்கத் தெரியும், ஆகவே இங்கே மிச்சம் பிடித்த சுரண்டலை அங்கே செய்தாக வேண்டும். பிரான்சிலும் லிபியாவிலும் ஓடிய குரூசர்கள் (வேகமான பிரிட்டிஷ் டாங்குகள்) வேண்டும் என்றால் கெக்கோவின் ஏ9, ஏ10, பிராங்கோவின் ஏ13. இவை பாக எண்ணிக்கையிலும் நுணுக்கத்திலும் வேறு ரகம். டிராக் முழுக்க ஒற்றைக் கண்ணிகள். கண்ணியை ஸ்ப்ரூவிலிருந்து ஒட்ட வெட்டாமல் ஒரு மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். நிப்பரின் அழுத்தத்திலேயே மூட்டு முனை ஒடிந்துபோகும், ஒடிந்தால் அந்தக் கண்ணி கழிவுதான்.