அடுத்தவங்க அக்கவுண்ட்ல மான்ஸ்டர் ஹன்டர் வாங்கிடாதீங்க, என்னோட 170 மணிநேரம் போச்சு

மக்களே, பதிவு கொஞ்சம் நீளம்தான், ஆனா மான்ஸ்டர் வேட்டை கேம்ல எதை வாங்கலாம்னு ஒப்பிட்டுப் பார்த்துட்டு இருக்கவங்க தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. 2025 ஆரம்பத்துல நடந்தது. இப்ப வரைக்கும் எழுத மனசு வரல, நேத்து ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அதனாலதான் எழுதுறேன்.

என் தம்பிகிட்ட பிஎஸ்4 இருக்கு, என்கிட்ட பிசி. அவன் மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்ட் ஆடிட்டு இருந்தான், தினமும் போன்ல அதே பேச்சுதான், அக்கா நீயும் வாயேன், ரத்தாலோஸ்ங்கிற பறக்கிற மிருகத்தை ரெண்டு பேரும் சேர்ந்து அடிக்கலாம்னு. எனக்கும் ஆசை. ஆனா எந்த கேம் வாங்குறதுன்னு ஒரே குழப்பம், வேர்ல்டா, அதே வரிசையில வந்த ரைஸா, இல்ல வைல்ட் ஹார்ட்ஸா, காட் ஈட்டர் 3 நல்லா இருக்கும்னு ஒருத்தர், டான்ட்லெஸ் ஃப்ரீதானே அத ஆடுன்னு இன்னொருத்தர். அப்பதான் நான் இருந்த ஒரு கேமிங் குரூப்ல ஒரு ஆள் பெரிய ஒப்பீட்டுப் பட்டியல் போட்டாரு. ஒவ்வொரு கேமுக்கும் எத்தனை மான்ஸ்டர், எத்தனை ஆயுதம், எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம், எல்லாம் அழகா கட்டம் போட்டு இருந்துச்சு. கீழ ஒரு வரி, எல்லாமே என்கிட்ட கிடைக்கும், கடை விலையில கால்வாசிக்கு.

அந்தப் பட்டியல்தான் என்னை மொத்தமா நம்ப வெச்சது. ஏன்னா பாதி விஷயம் சரியாதான் இருந்துச்சு. வேர்ல்ட்ல 14 வகை ஆயுதம், சரி. வேட்டைக்கு நாலு பேர் போகலாம், சரி. வைல்ட் ஹார்ட்ஸ்ல மூணு பேர்தான், அதுவும் சரி. நானே ரெண்டு மூணு எடத்துல தேடிப் பார்த்து ஒத்துப்போகுதுன்னு நிம்மதியாயிட்டேன். நாலாவதா இருந்த பொய்யை நான் தேடவே இல்ல. வேர்ல்ட், பிஎஸ்4 பிசி சேர்ந்து ஆடலாம்னு போட்டிருந்தது. இது சுத்தப் பொய்ங்க. வேற வேற மெஷின்ல இருக்கவங்க சேர்ந்து ஆடுற கிராஸ்பிளே வேர்ல்டுக்கு கிடையாது, ரைஸ்லயும் பிஎஸ்4 பிசி சேர்ந்து ஆட முடியாது. மான்ஸ்டர் ஹன்டர் வரிசையில பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாரும் ஒண்ணா ஆடுற மாதிரி வந்தது 2025 பிப்ரவரியில வந்த வைல்ட்ஸ்லதான், அது பிஎஸ்4ல வரவே இல்ல. நான் வாங்குறதுக்கே ஒரே காரணம் தம்பி, அந்தக் காரணமே இல்லாத கேமுக்கு பணம் அனுப்பியிருக்கேன்.

வேர்ல்ட் கூட அதோட கூடுதல் பகுதியான ஐஸ்போர்னும் சேர்த்து ஃபுல் பேக்னு சொன்னாரு. பணம் அனுப்பின பத்து நிமிஷத்துல பிசி கேம் கடையான ஸ்டீமோட ஐடி ஒண்ணு, பாஸ்வேர்ட் வந்துச்சு. என் அக்கவுண்ட்லயே போட்டுக்கிற கீ (கோடு) எதுவும் இல்லையான்னு கேட்டேன், இதுதான் சிஸ்டர் சேஃப், லாகின் பண்ணி டவுன்லோட் ஆனதும் ஆஃப்லைன் மோட்ல போட்டுடுங்க, கொஞ்ச நாள் கழிச்சு நானே சொல்றேன் அப்புறம் ஆன்லைன் வரலாம்னாரு. அந்த வார்த்தையிலேயே நான் நிறுத்தியிருக்கணும். சேர்ந்து ஆடுறதுக்குன்னு வாங்கின கேமை ஆஃப்லைன்ல வைன்னு ஒருத்தர் சொல்றாருன்னா அது அவர் சொத்து இல்லைன்னு அர்த்தம். ஆஃப்லைன்ல இருந்தா யார் கூடவும் சேர முடியாது, மாட்டிக்கிட்டா உதவிக்கு ஆள் கூப்பிடுற எஸ்ஓஎஸ் ஃப்ளேர் அடிச்சாலும் ஒருத்தரும் வரமாட்டாங்க.

கேமை திறந்தேன். வேர்ல்ட்ல ஆடினதை சேமிக்கிற சேவ் ஸ்லாட் மூணு இருக்கும். முதல் ஸ்லாட்ல ஏற்கனவே ஒரு வேட்டைக்காரர் இருந்தாரு, ஹன்டர் ரேங்க் நூத்துக்கு மேல. யாருதுன்னு கேட்டேன், டெஸ்ட் பண்றதுக்கு நானே போட்டது, கண்டுக்காதீங்கன்னாரு. நம்பிட்டேன். ரெண்டாவது ஸ்லாட்ல எனக்குன்னு ஒரு ஆள், துணைக்கு வர்ற பூனையான ஒரு பாலிகோ உருவாக்கி ஆட ஆரம்பிச்சேன்.

கேம் எப்படின்னு கேட்டா, உண்மையச் சொல்றேன், மனசு முழுக்க அதுலயே போயிடுச்சு. இந்த வகை கேம்ல கதை, லெவல் இதெல்லாம் ரெண்டாம்பட்சம், லெவல்னு ஒண்ணு உங்க ஆளுக்கு பலமே கூட்டாது, அடிச்ச மிருகத்தோட பாகத்தை அறுத்து அதுல கவசம் செஞ்சு, அந்தக் கவசத்தோட அடுத்ததை அடிக்கணும், அதுக்கு நடுவுல கை பழகணும், அவ்வளவுதான். நெர்கிகான்டேங்கிற மிருகத்துகிட்ட நான் எத்தனை தடவை தோத்தேன்னு கணக்கே இல்ல. மூணு தடவை விழுந்தா அந்த வேட்டை (குவெஸ்ட்) போச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, அதோட முள் வெள்ளையா முளைக்கும்போதே அடிச்சு உடைச்சிடணும், கறுத்து இறுகிடுச்சுன்னா மேல எழும்பி வந்து பாயும், அப்ப கிட்ட நின்னா தாங்காது. ஒரு ராத்திரி கிரேட் சோர்ட்ல வாலை வெட்டிட்டேன், மிருகம் விழுந்த பிறகு ஒரு நிமிஷம்தான் டைம் இருக்கும், உடம்பை அறுத்துட்டு அங்கேர்ந்து வால் கிடந்த எடத்துக்கு ஓடிப்போய் குனிஞ்சு அறுத்தேன், நெர்கிகான்டே ஜெம் கிடைச்சுது. அத்தனை நாளா தேடினது. தம்பிக்கு அந்நேரத்துக்கே போன் பண்ணி எழுப்பிட்டேன்.

கடைசி மிருகமான செனோஜீவாவையும் அடிச்சு கதை முடிஞ்சுது. ஐஸ்போர்ன் திறக்கணும், திறக்கல. லைப்ரரில கூடுதலா வாங்கினதைக் காட்டுற டிஎல்சி பகுதிய பார்த்தா அது வாங்கவே இல்ல, வெறும் வேர்ல்ட் மட்டும்தான். அந்த ஆள்கிட்ட கேட்டா அப்டேட் வரும் வரும்னு இழுத்தாரு. சரி ஆன்லைன் போய் நானே பார்ப்போம்னு போனேன், ரெண்டாவது நாள் காலையில பாஸ்வேர்ட் மாறியிருந்துச்சு. குரூப்லேர்ந்து என்னையும் தூக்கிட்டாங்க, நம்பர் பிளாக்.

அப்புறம் உட்கார்ந்து யோசிச்சப்பதான் முதல் ஸ்லாட் ஞாபகம் வந்துச்சு. அது டெஸ்ட் பண்ண போட்டது இல்லைங்க. அது யாரோ ஒருத்தரோட வேட்டைக்காரர். அவங்க அக்கவுண்டைத் திருடி எனக்கு வித்திருக்காங்க, அவங்க மீட்டெடுத்துட்டாங்க. அவங்க மேல எனக்கு துளி கோபம் இல்ல, அது அவங்களோடது. நான் 170 மணிநேரம் போனதுக்கே இப்படி அழுறேன், அவங்க தங்களோட பூனைக்கு ஆசையா ஒரு பேர் வெச்சு வளர்த்த சேவை வேற யாரோ திறந்து பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சப்ப எப்படி இருந்திருக்கும். அந்த வலிக்கு பணம் கொடுத்தது நான்தான், அது இன்னும் உறுத்துது.

சேவ் ஃபைலை மட்டுமாவது காப்பாத்தலாம்னு பார்த்தேன், என் பிசில ஃபோல்டர் அப்படியே இருந்துச்சு. ஆனா வேர்ல்டோட சேவ் ஸ்டீம் ஐடியோட கட்டினது, வேற அக்கவுண்ட்ல சும்மா காப்பி பண்ணி போட்டா ஏத்துக்காது. ஸ்டீம்லயும் யார்கிட்ட என்னன்னு கேக்குறது, அக்கவுண்டை விக்கவோ வாங்கவோ கூடாதுன்னு அவங்க விதியிலேயே இருக்கு. நம்ம சொந்த அக்கவுண்ட்ல வாங்கியிருந்தா 14 நாளுக்குள்ள, 2 மணிநேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணத்தைத் திரும்பக் கேக்கலாம், ஐஸ்போர்ன் சேர்த்து வாங்கியிருக்கமா இல்லையான்னு கடைப் பக்கத்துலயே தெரிஞ்சிருக்கும்.

அதே குரூப்ல இன்னொருத்தருக்கு டான்ட்லெஸ் அக்கவுண்ட், ஆயுதம் எல்லாம் திறந்ததுன்னு வித்திருக்காங்க, அதுவும் கேமை மூடப்போறதா அறிவிச்ச பிறகு. அது ஆன்லைன்லயே மட்டும் ஓடுற கேம், 2025 மே மாசத்தோட சர்வரே நின்னுபோச்சு. பட்டியல்ல அதுக்கு நேரா ஆஃப்லைனும் ஆடலாம்னு போட்டிருந்தது.

இப்ப யாராவது ஒப்பீடுன்னு எண்ணிக்கையா அடுக்கினா நான் பார்க்கிறதே இல்ல. எண்ணிக்கையில இந்த கேம் எதுவும் அடங்காது. வேர்ல்ட் மெதுவா போகும், தடம் பார்த்து மிருகத்தைத் தேடணும், ரெண்டு மிருகம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிறதை ஓரமா நின்னு பார்க்கலாம். கதை குவெஸ்ட்ல கதைக் காட்சி (கட்சீன்) முடிஞ்சாதான் அடுத்தவங்க உள்ள வர முடியும், ஜோடியா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது பெரிய எரிச்சல். ரைஸ் வேகம், வயர்பக்ங்கிற பூச்சியோட நூலைப் பிடிச்சுப் பறக்கலாம், மிருகம் எங்க இருக்குன்னு மேப்லயே காட்டிடும், ஆனா கிராமத்து குவெஸ்ட் எல்லாம் தனியாதான், சேர்ந்து ஆட ஹப் குவெஸ்ட் எடுக்கணும். வைல்ட் ஹார்ட்ஸ்ல சண்டைக்கு நடுவுலயே கராகுரிங்கிற கருவிப் பெட்டிய அடுக்கி சுவர் எழுப்பி பாய்ற மிருகத்தை முட்ட வைக்கலாம், அதுல கிராஸ்பிளேயும் உண்டு, ஆனா பிஎஸ்4ல வரல. காட் ஈட்டர் 3 சின்னச்சின்ன மிஷன், கதை நிறைய. இதுல உங்களுக்கு எது வேணும்ங்கிறது நீங்க யார்கூட, எந்த மெஷின்ல ஆடப்போறீங்கன்னு பார்த்தாதான் தெரியும், அத விக்கிறவர்கிட்ட கேக்காதீங்க, கேமோட அதிகாரப்பூர்வ பக்கத்துல கிராஸ்பிளே இருக்கான்னு நீங்களே பாருங்க. ஐடி பாஸ்வேர்ட் தர்றேன்னு சொன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க.

நான் காசு சேர்த்து வேர்ல்டும் ஐஸ்போர்னும் என் பேர்லயே வாங்கிட்டேன், தள்ளுபடி வந்தப்ப. மறுபடி முதல்லேர்ந்து, ஆரம்பத்துல வர்ற கிரேட் ஜாக்ராஸ்லேர்ந்து. தம்பி கூட இன்னும் சேர்ந்து ஆட முடியல.

நேத்து கண்ணுல பட்டதுன்னு சொன்னேன்ல, அது வேற ஒரு குரூப்ல, வேற பேர்ல, அதே கட்டம் போட்ட பட்டியல். இப்ப புதுசா வைல்ட்ஸும் சேர்த்திருக்காங்க. வேர்ல்டுக்கு நேரா அதே வரி, பிஎஸ்4 பிசி சேர்ந்து ஆடலாம். கீழ நாலு பேர் விலை கேட்டிருந்தாங்க, நாலு பேருக்கும் தனித்தனியா மெசேஜ் போட்டேன், ரெண்டு பேர் பதில் சொன்னாங்க, ஒருத்தர் ஏற்கனவே பணம் அனுப்பிட்டாராம்.