விலாவில் மிளகாய் பூசிய மூன்று மாதம்

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் இருபத்தெட்டு வருஷம் மசாலா மில் நடத்தியவன் நான். மிளகாய் நெடியில் தும்மித் தும்மியே வயதாகிவிட்டது. கடைசியில் காசு கொடுத்து மிளகாயை வாங்கி உடம்பில் பூசிக்கொள்ள வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது.

வாங்கியது கேப்சைசின் களிம்பு, 0.075 சதவீதம். மிளகாய்க்குக் காரம் தரும் அதே சரக்கு. இங்கே நான் ஏறி இறங்கிய இரண்டு மருந்துக் கடைகளில் 0.025தான் இருந்தது. பெர்த்தில் பார்மசிஸ்டாக இருக்கும் மகள் வரும்போது இதைக் கொண்டு வந்தாள். கம்பெனிப் பெயர் முக்கியமில்லை, எந்தக் கம்பெனி என்றாலும் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

எதற்குப் பூசினேன் என்று சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. போன தீபாவளிக்கு முந்தின வாரம் இடது விலாவில் கொப்புளம் வரிசை கட்டியது. அக்கி. சின்ன வயதில் தோட்டத்தில் யாருக்காவது இது வந்தால் காவியைக் குழைத்து அதன்மேல் எழுதுவார்கள், இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். அந்த நம்பிக்கையில், தம்பியின் மில்லில் முறுக்கு மாவு ஆர்டரும் குவிந்திருந்ததால், நாலு நாள் சும்மா இருந்துவிட்டேன். அது என் தப்பு. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் ஐம்பது வருஷம் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வருவதுதான் இந்த அக்கி. அதற்கான மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

கொப்புளம் மூன்று வாரத்தில் உதிர்ந்தது. வலி உதிரவில்லை. அழுத்தினால்கூடப் பரவாயில்லை, லேசாகப் பட்டால்தான் உயிர் போகும். சட்டைத் துணி உரசினால் எரிச்சல். ரேப்பிட் பஸ்ஸில் ஏர்கான் காற்று விலாவில் பட்டால் சுரீர். காரில் சீட் பெல்ட்டுக்கு அடியில் ஒரு குட்டித் தலையணை. வீட்டில் மூன்று மாதம் சட்டையே போடவில்லை, யாராவது கதவைத் தட்டினால் துண்டைத் தேடுவேன்.

முதலில் போன கிளினிக்கில் பாராசிட்டமாலும் வீக்கத்துக்கான மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் அதே பொட்டலம். எனக்கு வயிறு புண்ணானதுதான் மிச்சம். அந்த மாத்திரைகள் அடிபட்ட இடத்துக்கு, வீங்கின இடத்துக்கு. எனக்கோ புண் ஆறிவிட்டது, சேதி சொல்லும் நரம்புதான் கெட்டிருக்கிறது. மில் மோட்டாரில் வயர் உறை தேய்ந்தால் சுவிட்ச் போடாமலே பொறி பறக்குமே, அது மாதிரி. அதற்குப் பல்லை மாற்றி என்ன, பெல்ட்டை மாற்றி என்ன?

நரம்பு டாக்டரிடம் போனபோதுதான் வேறு கேள்வி வந்தது. எப்படி வலிக்கிறது என்று மலாயில் கேட்டார். தமிழில் கேட்டிருந்தால் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்று பிரித்துப் பிரித்துச் சொல்லியிருப்பேன். மலாயில் எனக்கு 'பானாஸ்' என்றுதான் வாயில் வந்தது, சூடு. கொஞ்சம் யோசித்து 'பெடாஸ்' என்றேன், காரம். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவர் கபாபென்டின் தொடங்கினார். இரவில் 300 மில்லிகிராம், அப்புறம் படிப்படியாக ஒரு நாளைக்கு 900. வலிப்புக்கு என்று 1993ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை இது, அக்கிக்குப் பிறகு வரும் வலிக்கு 2002ல் அனுமதி கிடைத்தது. மூளையில் 'காபா' என்று ஒரு சரக்கு இருக்கிறது, அதைப் போலச் செய்யப்பட்டதால் இந்தப் பெயர். ஆனால் மாத்திரை போய் ஒட்டிக்கொள்வது காபாவின் இடத்தில் இல்லை. நரம்பில் கால்சியம் நுழையும் வாசலின் ஓரத்தில் ஒட்டி, வலிச் சேதியை முதுகுத்தண்டில் கைமாற்றும் ரசாயனத்தைக் குறைக்கிறது. பெயர் ஒன்று, வேலை வேறு. எங்கள் தெருவில் இப்படி நாலு கடை காட்டுவேன்.

வலி பாதியானது, தூக்கம் வந்தது. ஆனால் ஃபெரியை விட்டு இறங்கினதும் தரை ஆடுமே, அந்த ஆட்டம் நாள் முழுக்க. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் சேர்த்துப் பார்த்தோம். வாய் உலர்ந்து நாக்கு செருப்புத் தோல் ஆனது, நிறுத்தச் சொன்னார். மீதி வலிக்குத்தான் இந்தக் களிம்பு.

சரி, களிம்புக்கு வருகிறேன். வெள்ளை நிறம், வாசனை கிடையாது, பார்த்தால் சாதாரண முகக் கிரீம். மிளகாய் நெடி வரும் என்று மூக்கைத் தயாராக வைத்திருந்தவனுக்கு ஏமாற்றம். ஒரு நாளைக்கு நாலு முறை, பட்டாணி அளவு, கையுறை போட்டு மெல்லத் தேய்க்க வேண்டும். பூசி ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் தொடங்கும் பாருங்கள். முதல் வாரம் நாலு வேளையும் நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். இருக்கிற எரிச்சல் போதாதென்று காசு கொடுத்து எரிச்சல் வாங்கிவிட்டாய் என்று மனைவி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதிலை மகள்தான் போனில் சொன்னாள். "அப்பா, உங்க தோல் எரியல. எரியுதுன்னு நரம்பு நெனச்சுக்குது." நரம்பு நுனியில் ஒரு கதவு இருக்கிறதாம், டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். சுமார் 43 டிகிரி சூடு பட்டால் அது திறந்து, 'சுடுகிறது' என்று சேதி அனுப்பும். கேப்சைசின் கள்ளச் சாவி மாதிரி சூடில்லாமலே அதே கதவைத் திறந்துவிடுகிறது. 1997ல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் இதைக் கண்டுபிடித்தது, 2021ல் அவருக்கும் ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கும் நோபல் பரிசு. சூப்பர்மார்க்கெட்டில் மிளகாய் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் இதை ஆராய வேண்டும் என்று அவருக்கு உறைத்ததாம். நான் அந்த அடுக்குக்கே சரக்கு போட்டவன், எனக்கு உறைக்கவில்லை. இன்னொன்று: பறவைகளின் கதவுக்கு இந்தச் சாவி பொருந்தாது. மில் மொட்டை மாடியில் காயப்போட்ட மிளகாயை மைனாக்கள் ஏன் பொரி மாதிரி கொத்தித் தின்றன என்று இருபத்தெட்டு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

கதவைத் திரும்பத் திரும்பத் திறந்துவிட்டால் நரம்பு நுனி ஓய்ந்து, தோலிலிருந்து கொஞ்ச நாளைக்குப் பின்வாங்கிவிடும். மருந்து செய்யும் வேலை அதுதான். அதனால் விட்டு விட்டுப் பூசினால் எரிச்சல் மட்டும் மிஞ்சும், பலன் வராது. உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஈப்போ போய் இரண்டு நாள் விட்டேன், திரும்பி வந்து பூசியதும் பழையபடி வராந்தா நடை.

செய்யக் கூடாததை எல்லாம் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பூசிவிட்டு ஹீட்டர் போட்டுக் குளிக்காதீர்கள். கதவு ஏற்கெனவே பாதி திறந்து கிடக்கிறது, வெந்நீர் பட்டால் முழுசாகத் திறக்கும். நான் சோப்பு நுரையோடு வெளியே ஓடி வந்தேன். மத்தியான வெயிலில் வேர்த்தாலும் அதே கதைதான், பினாங்கில் வேர்க்காமல் யார் இருக்கிறார்கள்? மனைவி என் பனியனை மடித்துவிட்டுக் கண்ணைத் தேய்த்து அரை மணி நேரம் அழுதாள், அதிலிருந்து என் துணி தனி வாளி. கையில் பட்டால் தண்ணீரில் போகாது. மில்லில் நாங்கள் செய்வதுதான்: தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு. மருந்தோடு வந்த தாளில் இது இல்லை. கொப்புளமோ புண்ணோ ஆறாத தோலில் பூசவே கூடாது, அது தாளிலேயே இருக்கிறது.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு நாள் காலையில் காப்பி குடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது மூன்று மாதம். பத்துக்கு ஏழாக இருந்த வலி கபாபென்டினில் நாலாகி, களிம்பில் இரண்டாகியிருக்கிறது. டாக்டர் மாத்திரையை இரவு 300க்குக் குறைத்துவிட்டார், தரை ஆடுவதும் நின்றுவிட்டது. எவ்வளவு களிம்பால், எவ்வளவு நாள்பட்டதால் என்று கேட்டால் என்னால் பிரிக்க முடியாது. அக்கி வலி சிலருக்குத் தானாகவும் தணியும்.

எல்லோருக்கும் கேட்கும் என்று மட்டும் வாங்காதீர்கள். மருத்துவமனையில் ஒரு மணி நேரம் ஒட்டும் 8 சதவீதப் பட்டை ஒன்று உண்டு. அதைப் போட்டவர்களில் பத்துப் பதினொரு பேருக்கு ஒருவருக்குத்தான் ஒப்பிட்டுப் பார்க்கப் போட்ட மற்றப் பட்டையைவிடக் கூடுதலாக நல்ல பலன் என்று 2015ல் வந்த பெரிய தொகுப்பு ஆய்வு சொல்கிறது. கபாபென்டினுக்கு ஏழு பேருக்கு ஒருவர். என் நாக்கை உலர வைத்த அமிட்ரிப்டிலின் வகைக்கு நாலு பேருக்கு ஒருவர், இந்த மூன்றில் அதுதான் நல்ல கணக்கு. போன வருஷம் சுசெட்ரிஜின் என்று புது மாத்திரை பற்றி வாட்ஸ்அப்பில் ஓடியதும் மகளிடம் கேட்டேன். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மை, வலி நரம்பில் இருக்கும் ஒரு சோடியம் வாசலை மட்டும் அடைக்கிறது, மூளைக்குப் போய் மயக்குவதில்லை. ஆனால் அனுமதி அறுவை சிகிச்சை மாதிரி திடீர் வலிக்குத்தான். "உங்களுக்கு இல்லப்பா" என்று வைத்துவிட்டாள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஒன்று முதல் வார எரிச்சலுக்குக் கழித்தது, அரை அந்தக் கேடுகெட்ட மூடிக்கு: கையுறையோடு திறக்கவே முடியவில்லை, பல்லால் கடித்துத் திறந்து உதடு எரிந்தவன் சொல்கிறேன்.

மனைவிக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அக்கிக்கான தடுப்பூசியில் முதல் ஊசி போட்டாகிவிட்டது, இரண்டாவது அடுத்த மாதம். ஊசி போட்ட கை இரண்டு நாள் கடுத்தது என்று புலம்பினாள். கடுப்புதானே, எரிச்சல் இல்லையே என்று கேட்டேன். முறைத்தாள்.