எட்டு வருஷம், மூன்று கட்டில்: மகளின் அறையில் எது நிலைத்தது, எது போனது

மகளுக்கு நான்கு வயதானபோது அவளுக்கென்று தனி அறை ஒதுக்கினோம். இப்போது பன்னிரண்டு நடக்கிறது. இந்த எட்டு வருஷத்தில் அந்த அறைக்குள் போன சாமான்களில் பாதி வெளியே வந்துவிட்டது. வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் எல்லாவற்றையும் புகழ்ந்து தள்ளியிருப்பேன். நல்லவேளை எழுதவில்லை.

முதல் தவறு கட்டில். கார் வடிவக் கட்டில், சிவப்பு நிறம், சக்கரம் விளக்கு எல்லாம் உண்டு. மெத்தை அளவு 70-க்கு 140 செ.மீ. என்று சீட்டில் போட்டிருந்தது. நான்கு வயதில் அவள் உயரம் ஒரு மீட்டர்தான், தாராளமாக இருந்தது. ஆறரை வயதில் 118 செ.மீ. தலையணையும் வைத்து, தூக்கத்தில் அவள் உருளுகிற உருளலும் சேர்ந்தால் கால் போய்ப் பலகையில் முட்டும். அந்த அளவுக்கு விரிப்பு தேடுவது தனி வேலை. அதைவிட முக்கியம், அவளுக்குக் கார் பிடிக்காமல் போனது. “எனக்குப் பெரியவங்க கட்டில் வேணும்” என்றாள். அந்தக் கட்டிலை ஆசைப்பட்டு வாங்கியது யார் என்று அப்போதுதான் யோசித்தேன். அவள் இல்லை.

பாடம் கற்றேன் என்று நினைத்து அடுத்த தவறைச் செய்தேன்: ஏணி வைத்த உயரக் கட்டில். கீழே விளையாட இடம் கிடைக்கும் என்ற கணக்கு. மேல் கட்டில் ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது பொதுவான எச்சரிக்கை. அவளுக்கு ஏழு, அதனால் சரி என்று விட்டேன். ஆனால் பழைய மெத்தை மெலிதாக இருக்கிறதே என்று 20 செ.மீ. தடிமனில் புது மெத்தை போட்டேன். பக்கத் தடுப்பு மெத்தைக்கு மேலே இரண்டு விரல் அளவுதான் நின்றது. தடுப்பின் உயரத்தைக் கட்டில் சட்டத்திலிருந்து பார்க்கக்கூடாது, மெத்தையின் மேல்பரப்பிலிருந்து பார்க்க வேண்டும். அமெரிக்க விதி குறைந்தது 5 அங்குலம் கேட்கிறது, ஐரோப்பியத் தரம் 16 செ.மீ. கேட்கிறது. எந்தத் தடிமன் வரை மெத்தை போடலாம் என்று கட்டிலின் உள்பக்கம் ஒரு கோடு கூடப் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தது இரண்டு மாதம் கழித்து. மெலிந்த மெத்தைக்கே திரும்பினோம்.

பாதுகாப்பு ஒருபுறம் இருக்கட்டும். உயரக் கட்டிலில் விரிப்பு மாற்றிப் பாருங்கள். அதுவும் நடு இரவு, காய்ச்சலில் குழந்தை வாந்தி எடுத்த பிறகு, ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு. மூன்று வருஷம் அப்படி ஓட்டினோம். பத்து வயதில் 90-க்கு 190-இல் ஒரு சாதாரண மரக் கட்டில் வாங்கினோம். அடியில் இரண்டு இழுப்பறை, வேறு எந்த அலங்காரமும் கிடையாது. நான்கு வயதிலேயே இதை வாங்கி, கழற்றி மாட்டும் பக்கத் தடுப்பு ஒன்று வைத்திருந்தால் போதுமே என்று மனைவி இன்றும் சொல்வாள். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி துணி மடித்து வைக்கும் இழுப்பறை அலமாரி. இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

நான்கு அடுக்கு, என் நெஞ்சு உயரம். சுவரோடு பிணைக்க ஒரு பட்டையும் திருகாணியும் பெட்டிக்குள் இருந்தன. சுவரில் துளை போட சோம்பல், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். ஐந்து வயதில் ஒருநாள் அவள் கீழ் மூன்று இழுப்பறைகளையும் இழுத்துவிட்டுப் படிக்கட்டு போல ஏறினாள். அலமாரி முன்பக்கம் சாய்ந்தது. எதிரே கட்டில் இருந்ததால் அதன் விளிம்பில் போய் நின்றது, அவள் இடையில் சிக்காமல் கீழே உட்கார்ந்திருந்தாள். ஒரு சிராய்ப்போடு போனது. இழுப்பறைகள் திறந்திருந்தால் துணிகளின் எடை முழுதும் முன்னால் வந்துவிடும். அதன் மேல் குழந்தையின் எடையும் ஏறினால் கனமான அலமாரிகூடக் கவிழலாம். இப்படிக் குழந்தைகள் இறந்த சம்பவங்களுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் 2022-இல் இதற்கென்றே சட்டம் வந்தது. துணி நிறைந்த இழுப்பறைகளைத் திறந்துவைத்தும், 60 பவுண்டு (சுமார் 27 கிலோ) வரை எடையுள்ள குழந்தை ஏறுவதுபோல் விசை கொடுத்தும் சோதிக்கிறார்கள். எந்தச் சோதனையில் தேறிய அலமாரியாக இருந்தாலும் சுவரோடு பிணையுங்கள். எனக்கு அன்று மாலை அந்த வேலை இருபது நிமிஷம் எடுத்தது.

மேசை நாற்காலியில் இன்னொரு கதை. வளர வளரப் பொருந்தும் என்று பெரியவர்கள் மேசையையே போட்டோம், 75 செ.மீ. உயரம். எழுதும்போது தோள் காதைத் தொடும், கால் காற்றில் ஆடும். பள்ளி மேசைகளுக்கான ஐரோப்பிய அளவுப் பட்டியலைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது: 119 முதல் 142 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 35, மேசை 59 செ.மீ. அடுத்த படியில், 133 முதல் 159 வரை, 38-ம் 64-ம். நாங்கள் போட்டிருந்தது முழு வளர்ச்சி அடைந்தவருக்கான உயரம். உயரம் மாற்றக்கூடிய மேசை, நாற்காலி இரண்டும் வாங்கினோம். அறையில் அதிகம் உழைத்தவை இவைதான். வருஷத்துக்கு ஒருமுறை பாதம் தரையில் பதிகிறதா, முழங்கை மேசை மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துத் திருகாணியை மாற்றுவேன். சக்கரம் வைத்த நாற்காலி மட்டும் வேண்டாம், படிக்கிற நேரத்தில் பாதி சுற்றுவதிலேயே போகும்.

துணி தொங்கவிடும் அலமாரி துகள் பலகை, அதாவது மரத்துகளைப் பசையால் ஒட்டிச் செய்த பலகை. தொங்கவிடும் கம்பியை ஏற்றி இறக்கலாம் என்பது பெரிய வசதி. தாழ்வாக வைத்த நாளிலிருந்து அவளே துணி எடுத்தாள், அவளே (சில நாள்) மாட்டினாள். ஆனால் இரண்டு முறை வீடு மாறினோம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் திருகாணி பிடித்த துளை உதிர்ந்து பெரிதாகும். இரண்டாவது முறை கதவு கீல் நிற்கவே இல்லை. மரக்குச்சியில் பசை தடவித் துளையில் அடைத்துத்தான் நிறுத்தினோம். புதிதில் ஒரு மாதம் நெடி வேறு அடித்தது. பலகையை ஒட்டும் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு அது. ஓரப்பட்டை ஒட்டாத வெட்டு முனைகளில் அதிகம் கசியும். அடுத்த முறை வாங்கினால் இ1 (இந்த வாயு கசிவுக்கு வரம்பு வைக்கும் ஐரோப்பியத் தரம்) உள்ளதா என்று கேட்பேன், கதவைத் திறந்து பின்பலகையின் ஓரத்தையும் பார்ப்பேன். வீடு மாறுகிற குடும்பம் என்றால் ப்ளைவுட்டோ மரமோதான்.

பொம்மைப் பெட்டி பற்றி ஒரே வரி: கனமான மூடி இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், எப்படியும் பெட்டி திறந்தேதான் கிடக்கும்.

புத்தக அலமாரி இன்னும் இருக்கிறது. ஒரு மீட்டர் நீளத் தட்டு, நடுவில் தாங்கல் கிடையாது. மூன்றாம் வருஷமே தொட்டில் மாதிரி தொய்ந்துவிட்டது. தட்டுகளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். இப்போது மறுபக்கம் தொய்ந்துகொண்டிருக்கிறது.